ஆறு பூஜ்யங்கள்

நார்டால், வடக்கு டகோட்டா
மார்ச் 3, 2019

அன்புள்ள அண்ணா,

நானும் அம்மாவும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி மட்டும் குளிரோடு வந்தது, குளிரோடு போவதாக இல்லை. ரீனோவில் உன் உடம்பு எப்படி இருக்கிறது? புது வேலையும் சாப்பாடும் ஒத்துக்கொண்டதா?

நாம் கட்டிய விமானத்தை நீ எடுத்துக்கொண்டு போன பிறகு கொட்டகை மிகப் பெரிதாகிவிட்டது. ஐந்து வருடமாக இறக்கைக்கும் சுவருக்கும் நடுவே பக்கவாட்டில் நடந்து பழகியதால் இன்னும் சுவரை ஒட்டித்தான் போகிறேன். அம்மா பார்த்துவிட்டு, "ஏன்டி நண்டு மாதிரி நடக்கற? நடுவுலதான் ஒண்ணுமே இல்லையே" என்கிறாள்.

போனில் கூப்பிட்டாயாம். கோபித்துக்கொள்ளாதே. உன் குரலைக் கேட்டால்கூடச் சொல்ல வேண்டியது எனக்குத் தொண்டையிலேயே நின்றுவிடும். பள்ளிக்கூடத்தை விட்டதே அதனால்தானே. கடிதம் என்றால் எழுதி, அடித்து, மறுபடி எழுதலாம்.

விமானம் எங்கே பறக்கிறது என்று தரைக்கு இருப்பிடம் சொல்லும் பெட்டி பாதி முடிந்தது. வரும் ஜனவரிக்குப் பிறகு அது இல்லாமல் பெரிய ஊர்களின் வானத்துக்குள் போக முடியாது என்பதால் கடைகளில் விலையை ஏற்றிவிட்டார்கள். நம் என்ஜின் விலையில் பாதி கேட்கிறார்கள். நான் ரேடாருக்குப் பதில் சொல்லும் ஒரு பழைய டிரான்ஸ்பாண்டரையும் ஒரு ஜிபிஎஸ் கருவியையும் ஒன்றோடொன்று பேச வைத்துக்கொண்டிருக்கிறேன். இரண்டுக்கும் என்னைப் போலவே கூச்சம். நேற்றுதான் வாய் திறந்தன.

விமானங்களைப் பழுதுபார்க்கும் ரோல்ஃப் தன் பட்டறைக்குக் கூப்பிட்டார். "கை நல்லா வேலை செய்யுது பொண்ணே. ஆனா ஒரு காகிதம்கூட இல்லாதவளை என்னன்னு சேர்த்துக்கறது?" என்றார். நான் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன்: விமானத்தைக் கட்டியவருக்கு அரசாங்கம் ஒரு சான்றிதழ் தரும், அதை வைத்து வருடாந்திரச் சோதனையில் கையெழுத்துப் போடலாம். எத்தனை பேர் கட்டினாலும் ஒரு விமானத்துக்கு ஒருவருக்குத்தான். பதினெட்டு வயது ஆகியிருக்க வேண்டும். அதை என் அண்ணன் எனக்கு விட்டுக்கொடுத்திருக்கிறான். அவர் இரண்டு முறை படித்துவிட்டு, "சரி, அக்டோபர் வரைக்கும் அந்த இடத்தைக் காலியா வெச்சிருக்கேன்" என்றார்.

நான் எழுதிய பதினோரு நோட்டுகளும் விமானத்தோடுதான் இருக்க வேண்டும் என்று எடுத்துப் போனாயே, நனையாமல் பார்த்துக்கொள். தினமும் என்ன வேலை செய்தோம் என்பதற்கு அவற்றைத் தவிர எனக்குச் சாட்சி இல்லை.

உன் தங்கை,
லின்னி


ரீனோ, நெவாடா
மார்ச் 24, 2019

அடியே லின்னி,

நான் நல்லா இருக்கேன். நீங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கீங்களா? அம்மாவை அடம் பிடிக்காம முழங்காலுக்குக் களிம்பு தடவச் சொல்லு. இங்க வெயில் வந்தாச்சு. அங்க உன் மூக்கு உறைஞ்சு கீழ விழுந்தா பத்திரமா பொறுக்கி வை, நான் வந்து ரிவெட் அடிச்சுத் தரேன்.

சான்றிதழ் உனக்குத்தான். இதை எத்தனை தரம் சொல்றது? அக்டோபர்ல உனக்குப் பதினெட்டு முடியட்டும், நோட்டெல்லாம் அனுப்பறேன்.

நோட்டுன்னதும் ஞாபகம் வருது. மூணாவது நோட்டு, நாற்பத்தோராம் பக்கம், என்னடி எழுதியிருக்க? கோழி கிளறின மாதிரி இருக்கு. அப்புறம் அறுபத்தேழுல ஏன் ரெண்டு தேதி? சும்மா ராத்திரி உட்கார்ந்து படிச்சுட்டு இருக்கேன், வீட்டு நினைப்பு.

பெட்டியைச் சீக்கிரம் அனுப்பு.

ஆண்டர்ஸ்


நார்டால்
ஏப்ரல் 8, 2019

அன்புள்ள அண்ணா,

நாங்கள் சுகம். களிம்பு தடவுகிறாள், ஆனால் நீ சொன்னதாகச் சொன்ன பிறகுதான். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

நீ நோட்டுகளைப் படிக்கிறாய் என்றதும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? நான் எழுதுவதைப் பார்த்து எத்தனை நாள் சிரித்திருக்கிறாய்!

நாற்பத்தோராம் பக்கம்: "வால் பகுதியில் குளவி. ஒன்றரை மணி நேரம் வீண்." இடது மணிக்கட்டில் கொட்டியதால் வலது கையால் எழுதினேன், நான் இடது கைக்காரி என்பது உனக்குத் தெரியுமே. அதனால்தான் கோழி கிளறல். நீ வாசல் வரை ஓடிப்போய் நின்று "செத்துச்சா, செத்துச்சா?" என்று கேட்டாய். அறுபத்தேழாம் பக்கம்: முதல் தேதியில் தவறாகத் துளை போட்டேன், இரண்டாம் தேதியில் அந்தத் தகட்டையே மாற்றினேன்.

பெட்டியை நேற்று தபாலில் அனுப்பினேன். ஆன்டெனாவை வயிற்றுப் பக்கம் பொருத்து, சக்கரக் காலிலிருந்து தள்ளி. விமானத்துக்கென்று ஒதுக்கிய ஆறு எழுத்துக் குறியை நானே உள்ளே பதிந்துவிட்டேன். நீ எந்தப் பொத்தானையும் அழுத்த வேண்டாம், விசையைப் போட்டால் போதும். பறந்த பிறகு அரசாங்கத் தளத்தில் கேட்டால் பெட்டி சரியாகப் பேசியதா என்று ஓர் அறிக்கை அனுப்புவார்கள். தவறு இருந்தால் சிவப்பில் வரும். பறந்த தேதியை மட்டும் எழுது, அறிக்கையை நான் வாங்கிக்கொள்கிறேன்.

லின்னி


ரீனோ
மே 19, 2019

லின்னி,

சுகம்தானே ரெண்டு பேரும்? எனக்கு ஒரு குறையும் இல்லை, தூக்கம்தான் பத்தலை.

பெட்டி போட்டாச்சு. விசையைப் போட்டதும் திரையில "நல்லபடியா போயிட்டு வா. இப்படிக்கு லினியா"ன்னு உன் முழுப் பேரோட வருது. பக்கத்துல நின்னவன், "யாருடா அது, காதலியா?"ன்னு கேட்டான். மானத்தை வாங்கிட்ட போ. பன்னிரண்டாம் தேதி ரெண்டு மணி நேரம் பறந்தேன்.

ஒரு தாள் வெச்சிருக்கேன், இருபத்து மூணு கேள்வி. எந்தப் பக்கத்துல எது படிக்க முடியலையோ அதெல்லாம். இடது இறக்கையோட முதுகெலும்புச் சட்டம் எந்த வாரம் அடிச்சோம், எரிபொருள் தொட்டி ஒழுகுதான்னு எப்படிச் சோதிச்சோம், இந்த மாதிரி. நாளைக்குச் சான்றிதழ் தர்ற அலுவலகத்துல உன்னைக் கேட்டா நீ வாயடைச்சு நிக்கக் கூடாது இல்ல? எல்லாத்துக்கும் விளக்கமா எழுது.

ஆண்டர்ஸ்


நார்டால்
ஜூன் 2, 2019

அன்புள்ள அண்ணா,

நீ நலமாக இருக்க வேண்டும், நன்றாகத் தூங்க வேண்டும். இங்கே எல்லோரும் நலம், முழங்காலும்கூட.

அறிக்கை வந்துவிட்டது! ஒரு சிவப்புக்கூட இல்லை. இரண்டு மணி நேரம் ஆறு நிமிடம், ஒரு நொடிகூட பெட்டி பொய் சொல்லவில்லை. அச்செடுத்து அம்மாவிடம் காட்டினேன். "இதுல என்னடி இருக்கு, எல்லாம் எண்ணா இருக்கு" என்றவள், அதைக் கொண்டுபோய் பால் பண்ணையில் தன்னோடு வேலை செய்பவர்களிடமெல்லாம் காட்டிவிட்டு வந்திருக்கிறாள்.

இருபத்து மூன்று கேள்விக்கும் பதில் தனியாக ஒன்பது தாளில் இருக்கிறது. எரிபொருள் தொட்டிக்குப் பலூனைக் கட்டி ஒரு நாள் முழுவதும் அது சுருங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன், நீ ஊர்த் திருவிழாவுக்குப் போயிருந்தாய். நீ இல்லாத நாட்களைக்கூட எழுதியிருக்கிறேன். நான் அலுவலகத்தில் திணறக் கூடாது என்று இவ்வளவு யோசிக்கிறாயே, உன்னைப் போல் அண்ணன் யாருக்குக் கிடைப்பான்?

லின்னி


நார்டால்
ஆகஸ்ட் 11, 2019

அன்புள்ள அண்ணா,

நலம். நீ நலமா என்று இரண்டு மாதமாகத் தெரியவில்லை. ஜூலையில் போட்ட இரண்டு கடிதங்களும் வந்தனவா?

தினமும் தபால் வண்டி வரும்போது சாலையோரம் போய் நிற்கிறேன். அம்மா, "போஸ்ட்மேனுக்குக் கல்யாணமாகி மூணு பிள்ளைங்க இருக்குடி, அவனை விட்டுடு" என்கிறாள். உன்னிடம் போனில் பேசினாளாம். "நல்லாத்தான் இருக்கான். ஆனா பேச்சு ஒரு மாதிரியா இருந்துச்சு. உன்னைக் கேக்கவே இல்லை" என்றாள். பிறகு, "மறந்திருப்பான்" என்றாள்.

லின்னி


ரீனோ
ஆகஸ்ட் 30, 2019

லின்னி,

நலம், நலமறிய ஆவல். வேலை கழுத்தை நெரிக்குது. என்ஜின்ல எண்ணெய் ஒழுகுது, விமானத்தைக் கொட்டகையில போட்டு வெச்சிருக்கேன், இப்போதைக்குப் பறக்கலை. அறிக்கை கேக்காத, வராது. அக்டோபர்ல பார்த்துக்கலாம்.

ஆண்டர்ஸ்


நார்டால்
அக்டோபர் 15, 2019

அன்புள்ள அண்ணா,

எல்லோரும் நலம். நேற்று எனக்குப் பதினெட்டு முடிந்தது. அம்மா கேக் செய்தாள். நீ கூப்பிடுவாய் என்று போனைப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். கூப்பிட்டிருந்தால் எடுத்திருப்பேன்.

ரோல்ஃப் இன்று வந்து, "என்ன பொண்ணே, காகிதம் எங்க?" என்றார். நவம்பர் கடைசி வரை அவகாசம் கேட்டேன், வாயாலேயே கேட்டேன். நோட்டுகளை அனுப்பிவிடு, தபால் செலவை நான் தருகிறேன். ஃபார்கோ அலுவலகத்துக்கு எழுதி நாள் வாங்க வேண்டும்.

எண்ணெய் ஒழுகல் நின்றதா? வால்வு மூடியின் திருகுகளைப் பார், அவற்றை இறுக்கியது நீதான்.

லின்னி


அபிலீன், டெக்சஸ்
நவம்பர் 16, 2019

லினியா ஹெக்லண்ட் என்பவருக்கு,

வணக்கம். நீங்கள் யார், என்ன வயது, உடம்பு சௌகரியமா, எதுவும் எனக்குத் தெரியாது. என் பெயர் ஒடெஸா ப்ரூயிட். முப்பது வருடம் மாட்டு வைத்தியம் பார்த்துவிட்டு, இப்போது யாருக்கும் கட்டுப்படாமல் பறந்துகொண்டிருக்கிறேன். செப்டம்பரில் ரீனோவில் ஆண்டர்ஸ் ஹெக்லண்ட் என்ற பையனிடமிருந்து, அவன் கட்டிய இரண்டு இருக்கை விமானத்தை வாங்கினேன். அருமையாகப் பறக்கிறது. ஆனால் அதில் இருக்கும் இருப்பிடப் பெட்டி என்னைக் கோமாளியாக்குகிறது. நான் இரண்டு மணி நேரம் பறந்துவிட்டு வந்து அறிக்கை கேட்டால், அந்த எண்ணுள்ள விமானம் அன்று எங்கும் பறக்கவில்லை என்று பதில் வருகிறது. "அப்ப நான் மேல போயி என்னய்யா பண்ணிட்டு இருந்தேன், கோலமா போட்டேன்?" என்று என் மெக்கானிக்கைக் கேட்டேன். அவர் பெட்டியைக் கழற்றிப் பார்த்தால், மூடியின் உள்பக்கம் மையில் எழுதியிருக்கிறது: "தவறு வந்தால் எழுதவும்", கீழே உங்கள் பெயர், விலாசம்.

பையனிடம் கேட்டேன். "அதெல்லாம் நானே செஞ்சதுதான், பார்த்துச் சொல்றேன்" என்கிறான். ஆறு வாரமாகப் பார்க்கிறான். ஜனவரிக்குள் சரியாகாவிட்டால் டல்லஸ் பக்கமே என்னால் தலை காட்ட முடியாது. அங்கேதான் என் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். தெரிந்தால் உதவுங்கள். நீங்கள் அவனுக்கு என்ன உறவு?

ஒடெஸா ப்ரூயிட்


நார்டால்
நவம்பர் 25, 2019

மதிப்பிற்குரிய ப்ரூயிட் அம்மாவுக்கு,

வணக்கம். நான் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டுகிறேன். உங்கள் கடிதம் வந்து நான்கு நாளாயிற்று. தாமதத்துக்கு மன்னிக்கவும்.

விசையைப் போட்டதும் திரையில் ஏதாவது வரி வருகிறதா? வராது என்று நினைக்கிறேன். நான் அனுப்பியபோது அங்கே என் பெயர் வந்தது. அதை மட்டும் தனியாக அழிக்க வழி இல்லை, பெட்டியையே முழுவதும் அழித்துக் கடையிலிருந்து வந்த நிலைக்குக் கொண்டுபோக வேண்டும். யாரோ அப்படிச் செய்திருக்கிறார்கள். அத்தோடு விமானத்தின் ஆறு எழுத்துக் குறியும் போய்விட்டது. இப்போது அது ஆறு பூஜ்யங்களை ஒலிபரப்புகிறது. வானத்தில் ஏதோ ஒன்று இருக்கிறது என்று தெரியும், நீங்கள் என்று யாருக்கும் தெரியாது.

செய்ய வேண்டியதை இணைத்துள்ள தாளில் வரிசையாக எழுதியிருக்கிறேன். அரை மணி நேர வேலை. முடிந்ததும் தரையில் ஒரு முறை, மேலே ஒரு முறை சோதித்துப் பாருங்கள். அதுவரை மற்ற விமானங்களுக்குப் பக்கத்தில் போக வேண்டாம்.

ஆண்டர்ஸ் என் அண்ணன். விமானத்தை நாங்கள் இருவரும் கட்டினோம்.

ஒன்று கேட்கலாமா? விமானத்தோடு பதினோரு நோட்டுகள் வந்திருக்கும். மூன்றாவது நோட்டில் நாற்பத்தோராம் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்ல முடியுமா?

லினியா ஹெக்லண்ட்


அபிலீன்
டிசம்பர் 7, 2019

அன்புள்ள லினியா கண்ணு,

நான் நலம், என் விமானமும் நலம். அறிக்கை சுத்தமாக வந்தது. என் மெக்கானிக் உன் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தர மாட்டேன் என்கிறார். "இதை எழுதினவங்க எந்தக் காலேஜ்?" என்று வேறு கேட்டார்.

இனி எழுதப்போவதை உட்கார்ந்து படி.

பதினோரு நோட்டும் இருக்கின்றன. நாற்பத்தோராம் பக்கத்தில் இருப்பது இது: "வால் பகுதியில் குளவி. என் இடது மணிக்கட்டில் கொட்டியது. ஒன்றரை மணி நேரம் வீண்." கீழே உன் அண்ணன் கையெழுத்து. எல்லாப் பக்கத்திலும் அவன் கையெழுத்துதான். உன் பெயர் எங்கும் இல்லை. வாங்கும்போது எனக்கு உறைக்கவில்லை, நேற்று விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். ஐந்து வருடக் குறிப்பு, ஒரே பேனா. முதல் நோட்டிலும் கடைசி நோட்டிலும் ஒரே நீல மை. ஓர் எண்ணெய்க் கறை இல்லை, ஒரு விரல் தடம் இல்லை. நான் மாட்டுக்கு ஊசி போட்ட நோட்டிலேயே சாணி இருக்கும், கண்ணு.

விற்கும்போது கட்டியவருக்கான சான்றிதழின் நகலையும் கொடுத்தான். அவன் பெயரில் இருக்கிறது. தேதி ஜூன் பன்னிரண்டு.

நீ சொன்னால் அலுவலகத்துக்கு நான் எழுதுகிறேன், நோட்டுகளையும் அனுப்புகிறேன். சொல்லாவிட்டால் எழுத மாட்டேன். அவன் உன் அண்ணன்.

ஒடெஸா


ரீனோ
டிசம்பர் 21, 2019

லின்னி,

நல்லா இருக்கியா? அம்மா நல்லா இருக்காளா?

உன்கிட்ட எல்லாத்தையும் எழுதிட்டதா அந்த அம்மா எனக்குச் சொல்லிட்டாங்க. நீ நினைக்கற மாதிரி இல்லை. இங்க பட்டறையில, விமானம் கட்டினவன்னு காகிதம் இருந்தாத்தான் மேல் வேலைக்கு எடுப்போம்னுட்டாங்க. உனக்குப் பதினெட்டு ஆகற வரைக்கும் காத்திருக்க எனக்கு நேரம் இல்லை. வித்த பணத்துல பைலட் படிப்புக்குச் சேர்ந்துட்டேன். பெரிய விமானம் ஓட்டப் போறேன் லின்னி, நம்ம வீட்டுல ஒருத்தன்.

நீயே யோசி. உனக்கு அந்தக் காகிதம் எதுக்கு? நாலு பேர் எதிர்ல உனக்குப் பேச வராது. ஃபார்கோ அலுவலகத்துல போய் என்ன சொல்லுவ? கடைக்காரன்கிட்ட மாவு கேக்கவே அம்மாவைக் கூட்டிட்டுப் போறவ நீ.

ப்ரூயிட் அம்மாவுக்கு ஒரு வரி எழுதிடு, "நான் கூட இருந்து உதவினேன், அவ்வளவுதான்"னு. விஷயம் அலுவலகத்துக்குப் போச்சுன்னா என் பறக்கற உரிமமும் சேர்ந்து போயிடும். அடுத்த விமானம் முழுக்க உன் பேர்ல கட்டலாம், சத்தியமா.

அண்ணன்


நார்டால்
ஜனவரி 19, 2020

அண்ணா,

அம்மாவும் நானும் இருக்கிறோம். உன் கடிதத்தை அம்மா படித்தாள். படித்துவிட்டுச் சோறு பொங்கினாள், சாப்பிடவில்லை. "அவனைத் திட்டவாவது உனக்கு வாய் வரணும்டி" என்றாள்.

உன் கடிதம் வருவதற்கு முன்பாகவே சில விஷயங்களை நான் எண்ணிப் பார்த்துவிட்டேன். என் ஒன்பது தாள் ஜூன் ஐந்தாம் தேதி வாக்கில் உன்னிடம் வந்திருக்கும். சான்றிதழ் பன்னிரண்டாம் தேதி. தூக்கம் பத்தவில்லை என்று மே மாதம் எழுதினாய், நான் வேலை அதிகம் என்று நினைத்துக் கவலைப்பட்டேன். என் நோட்டுகளை என்ன செய்தாய் என்று நீ ஒரு வரியும் எழுதவில்லை. நானும் கேட்கப்போவதில்லை.

விமானத்தை விற்றதைக்கூட மன்னித்திருப்பேனோ என்னவோ. கதவருகே நின்று எட்டிப் பார்த்தவன் நீ. குளவி உன்னைக் கொட்டியதாக எழுத எப்படிக் கை வந்தது?

பதினான்காம் தேதி ரோல்ஃப் என்னை ஃபார்கோவுக்கு அழைத்துப் போனார். ப்ரூயிட் அம்மா எழுதட்டும் என்று நான்தான் சொன்னேன். என் நோட்டுகளைப் பார்த்து நீ எழுதிய நோட்டுகள் மேசைமேல் இருந்தன. அதிகாரி வயதானவர் அல்ல, அவசரப்படுத்தவும் இல்லை. முதல் பத்து நிமிடம் எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. ரோல்ஃப் பேச வாயெடுத்தபோது அவர் கையமர்த்தி, "அவங்களே சொல்லட்டும், எனக்கு மத்தியானம் வரைக்கும் வேலை இல்லை" என்றார். நீ கேள்வி எழுதி அனுப்பிய இரண்டு கடிதங்களையும் எடுத்து வைத்தேன். இருபத்து மூன்றையும் மெதுவாகப் படித்தார். "கட்டினவர் இதையெல்லாம் ஏங்க இன்னொருத்தரைக் கேக்கணும்?" என்றார். அதன் பிறகு எனக்குப் பேச வந்தது. இரண்டே கால் மணி நேரம் பேசினேன். திணறித் திணறித்தான் பேசினேன், நடுவில் யாரும் சிரிக்கவில்லை.

உன் பெயரில் இருக்கும் சான்றிதழ் ரத்தாகாமல் எனக்கு ஒன்று தர முடியாதாம். அதற்கு நீ பொய் சொன்னாய் என்று நான் எழுத்தில் தர வேண்டும். அப்படித் தந்தாலும் எனக்குக் கிடைக்கும் என்று உறுதி இல்லை, உன் உரிமம் பற்றிய விசாரணை மட்டும் உறுதி. தெளிவாகச் சொன்னார், இரண்டு முறை சொன்னார். பேனாவைக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் எடுத்து வரப் போனார். அவர் திரும்பி வருவதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

கடைசியாக, "அப்ப உங்க அண்ணன் ஒண்ணுமே கட்டலையா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் என் வழக்கு சுலபமாகியிருக்கும், ரோல்ஃப் வண்டியில் வரும்போது அதையேதான் சொன்னார். நான் வரிசையாகச் சொன்னேன்: சக்கரக் கால்கள், இருக்கைகள், என்ஜினைத் தூக்கிப் பொருத்தியது, வால்வு மூடிகள், வலது இறக்கையில் பாதிக்கு மேல். அவர் எழுதிக்கொண்டார். உன் பெயரை எப்படி எழுதுவது என்று கேட்டபோது எழுத்து எழுத்தாகச் சொன்னேன்.

லினியா ஹெக்லண்ட்